வாக்கெடுப்புக்கே வராத மசோதா: பாஸ் கட்சியும் மலேசியாவின் ஷரியா சட்டங்களும்

2016 மே 26, வியாழக்கிழமை. மலேசிய நாடாளுமன்ற மக்களவையில் அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அரசு அலுவல்களே இன்னும் பாக்கி. அவற்றை ஒத்திவைத்துவிட்டு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தனிநபர் மசோதாவை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரதமர் துறை அமைச்சர் அசலினா ஓத்மான் தீர்மானம் கொண்டுவந்தார். ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை அதிகாரத்தை உயர்த்தும் மசோதா அது. அதற்குச் சொந்தக்காரர் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் தலைவர் அப்துல் ஹாடி அவாங். ஆளும் மலாய்க் கட்சியான அம்னோவுக்கும் பாஸுக்கும் தலைமுறைப் பகை. எழுபதுகளில் சில ஆண்டுகள் ஒரே கூட்டணியில் இருந்து பார்த்து, முறித்துக்கொண்டு போனவர்கள். அந்தப் பகையாளிக்கு அமைச்சரே கதவைத் திறந்துவிட்டார்.

ஹாடி மசோதாவை முன்மொழிந்தார். கையோடு, விவாதத்தை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதன் மீது அன்றும் வாக்கெடுப்பு இல்லை, பிறகும் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகள் மலேசிய அரசியல் முழுக்க அதைச் சுற்றியே ஓடியது. ஆளும் கூட்டணியின் சீனர் கட்சியான மசீசவின் தலைவர் லியோவ் தியோங் லாய், இது நிறைவேறினால் அமைச்சர் பதவியைத் துறப்பேன் என்றார். அதே கூட்டணியின் இந்தியர் கட்சியான மஇகாவும் எதிர்த்தது. 2017 பிப்ரவரியில் கோலாலம்பூர் பாடாங் மெர்போக் திடலில் மசோதாவுக்கு ஆதரவாகப் பெருங்கூட்டம் திரண்டது.

முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் மதக் கட்சிகள் சட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் "ஆட்சியைப் பிடித்து மாற்றுகின்றன" என்றுதான் நினைப்போம். மலேசியா வேறு கதை சொல்கிறது. பாஸ் கொண்டுவந்த பெரிய சட்டங்களில் பெரும்பாலானவை காகிதத்தைத் தாண்டவில்லை. பாஸுக்குப் பயந்து மற்றவர்கள் கொண்டுவந்தவையும் கைவிட்டவையும்தான் ஜனங்களின் வாழ்க்கையைத் தொட்டன.

மூன்று, ஐந்து, ஆறு

ஹாடியின் மசோதா திருத்த முயன்றது 355ஆம் எண் சட்டத்தை. அதாவது 1965இன் ஷரியா நீதிமன்றங்கள் (குற்றவியல் அதிகார வரம்பு) சட்டம். மலேசியாவில் குற்றவியல் சட்டம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின் கையில். இஸ்லாம் மாநிலங்களின் கையில், பெரும்பாலும் அந்தந்த சுல்தானின் கீழ். மாநிலச் சட்டமன்றம், இஸ்லாத்தின் நெறிகளுக்கு எதிராக முஸ்லிம்கள் செய்யும் குற்றங்களை வரையறுக்கலாம், தண்டனையும் விதிக்கலாம். ஆனால் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அதற்கு ஒரு வால் உண்டு: "கூட்டரசுப் பட்டியலில் அடங்கிய விஷயங்கள் நீங்கலாக". இந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் அறுபது வருட வழக்குகள் நடந்திருக்கின்றன. மாநில ஷரியா நீதிமன்றம் எவ்வளவு தண்டனை கொடுக்கலாம் என்ற உச்சவரம்பையும் நாடாளுமன்றமே நிர்ணயிக்கிறது. அந்த உச்சவரம்புதான் 355.

1965இல் அது ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரிங்கிட் அபராதம். 1984இல் மூன்று ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி என்று உயர்ந்தது. அரசியல் பேசும் மலேசியர்கள் இதைச் சுருக்கி "3-5-6" என்பார்கள். ஹாடி முதலில் கேட்டது மரண தண்டனை நீங்கலாக எந்தத் தண்டனையும் கொடுக்கும் அதிகாரத்தை. 2016 நவம்பரில் அதைத் திருத்தி முப்பது ஆண்டு, ஒரு லட்சம் ரிங்கிட், நூறு பிரம்படி என்று எண்களாக்கினார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஷரியா நீதிமன்றத்தின் தண்டனை அதிகாரத்தை இன்றைய அளவுக்கு உயர்த்திய அந்த 1984 திருத்தம் பாஸ் கொண்டுவந்ததல்ல. பிரதமர் மகாதீர் முகமது, நாடாளுமன்றத்தில் அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம், பாஸுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அப்போது நடந்தது அது.

ஒரு கிராமத்தில் இரண்டு இமாம்கள்

ஏன் அப்படி என்று பார்க்க 1981க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் திரெங்கானு மாநிலத்தின் பங்கோல் பெராடோங்கில் ஹாடி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அம்னோவை நாம் எதிர்ப்பது, காலனிக்காரனின் அரசியலமைப்பையும் காஃபிர்களின் சட்டத்தையும் அது கட்டிக்காப்பதால்தான் என்றார். அதை எதிர்ப்பது ஜிஹாத் என்றார். "ஹாடியின் அமானத்" என்று அந்தப் பேச்சின் ஒரு பகுதி அச்சாகி ஊர் ஊராகப் போனது.

அதன் விளைவைக் கிழக்குக் கரையோர மலாய்க் கிராமங்களில் பார்க்க முடிந்தது. ஒரே பள்ளிவாசலில் இரண்டு இமாம்கள், இரண்டு தனித்தனித் தொழுகைகள். அம்னோக்காரர் அறுத்த பிராணியின் இறைச்சியை பாஸ்காரர் வீட்டில் சமைக்க மாட்டார்கள். ஒரே குடும்பத்துக்குள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக்குவரத்து நின்றது. 1985 நவம்பரில் கெடாவின் மெமாலி கிராமத்தில் போலீஸ் முற்றுகை 18 உயிர்களில் போய் முடிந்தது. 14 பேர் கிராமத்தார், 4 பேர் போலீஸார்.

மலாய் வாக்கு இல்லாமல் அம்னோ இல்லை. "நீ முஸ்லிமே இல்லை" என்று எதிராளி சொல்லும்போது நான்தான் உன்னைவிடப் பெரிய முஸ்லிம் என்று காட்டுவது எளிய பதில். மகாதீர் அதையே செய்தார். இஸ்லாமிய இளைஞர் இயக்கத்தின் தலைவர் அன்வார் இப்ராஹிமை 1982 தேர்தலுக்குச் சற்று முன் அம்னோவுக்கு அழைத்து வந்தார். 1983இல் இஸ்லாமிய வங்கி, அதே ஆண்டில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம். 1984இல் 3-5-6. பிறகு 1988.

அந்த ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். போதைப்பொருள் குற்றத்துக்கான மரண தண்டனை இஸ்லாத்துக்கு முரணானது என்று ஒரு வழக்கு. அதில் அன்றைய உச்ச நீதிமன்றத் தலைவர் சாலே அபாஸ், அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவில் இஸ்லாம் நாட்டின் சமயம் என்றிருப்பது சடங்கு, சம்பிரதாய அளவில்தான், நாட்டின் சட்டம் மதச்சார்பற்றது என்று தீர்ப்பளித்தார். சில மாதங்களில் நாடாளுமன்றம் அரசியலமைப்பில் 121(1A) என்ற பிரிவைச் செருகியது: ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குட்பட்ட விஷயங்களில் சிவில் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. அதே ஆண்டு சாலே அபாஸின் பதவியும் பறிபோனது. (அது மகாதீருடனான வேறு மோதல், இந்தத் தீர்ப்புக்காக அல்ல. ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் எத்தனை காரியம்!)

121(1A) பாஸின் கையெழுத்து இல்லாத பாஸின் வெற்றி. அது யார் தலையில் விடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளாந்தான்: வெட்டப்படாத கைகள்

1990இல் பாஸ் கூட்டணி கிளாந்தான் மாநிலத்தின் 39 சட்டமன்றத் தொகுதிகளையும் ஒன்று விடாமல் வென்றது. மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர் ஆனவர் நிக் அஜீஸ் நிக் மாட். கடைசிவரை பூலாவ் மெலாக்காவில் தன் பழைய மரவீட்டிலேயே வாழ்ந்தவர். எதிராளிகளும் அவர் எளிமையைக் குறை சொன்னதில்லை. 1993 நவம்பரில் அவருடைய அரசு ஹூடுட் எனப்படும் இஸ்லாமியத் தண்டனைச் சட்டத்தை நிறைவேற்றியது. திருட்டுக்குக் கைவெட்டு, மணமானவரின் விபசாரத்துக்குக் கல்லெறிந்து கொல்லுதல் எல்லாம் அதில் உண்டு.

இன்றுவரை அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கைகூட வெட்டப்படவில்லை. 355இன் உச்சவரம்பும் அரசியலமைப்பின் வாலும் தடுத்து நிற்கின்றன. திரெங்கானுவில் ஹாடி மந்திரி பெசாராக இருந்தபோது 2002இல் இயற்றிய ஹூடுட் சட்டத்துக்கும் அதே கதி.

அப்படியானால் கிளாந்தானில் எதுவும் மாறவில்லையா? மாறியது. ஆனால் அதற்குப் பெரிய சட்டம் தேவைப்படவில்லை. கோத்தா பாருவில் பேரங்காடிக்குப் போனால் பணம் கட்ட ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இது நகராட்சி உரிமம் செய்யும் வேலை. மாக் யோங் என்ற, பெண்களே அரசன் வேடம் கட்டி ஆடும் பழைய கிளாந்தான் நாட்டிய நாடகம், தொண்ணூறுகளிலிருந்து பொதுமேடையில் தடுக்கப்பட்டது. யுனெஸ்கோ 2005இல் அதை மனித குலத்தின் அரிய மரபென்று அறிவித்தபோது, பிறந்த மண்ணில் அதற்கு மேடை இல்லை. 2019இல்தான் நிபந்தனைகளோடு தடை தளர்ந்தது. கைவெட்டைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள், உரிம விதிகளைப் பற்றி எழுத ஆளில்லை. மதக் கட்சியின் ஆட்சியை அளக்க வேண்டுமென்றால் நான் சட்டப் புத்தகத்தைவிட நகராட்சி அலுவலகத்தின் விதிமுறைகளைத்தான் முதலில் புரட்டுவேன்.

பாஸுக்கு வாக்களிப்பவர்கள் எல்லோரும் ஹூடுட்டுக்காகத்தான் வாக்களிக்கிறார்கள் என்று சொல்வதும் சரியல்ல. கிளாந்தானில் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருவது பல வருடப் பிரச்சினை. அதையும் சகித்துக்கொண்டு, கோலாலம்பூரின் ஊழலைவிட இது மேல் என்று வாக்களிப்பவர்கள் ஏராளம்.

பகையாளியின் கதவு

இனி 2015க்கு வருவோம். மார்ச் 19ஆம் தேதி கிளாந்தான் சட்டமன்றம் ஹூடுட் சட்டத்தின் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆதரவு வாக்கு 44. பாஸின் 31 பேரோடு அம்னோவின் 12 பேரும் பாஸின் கூட்டணிக் கட்சியான பிகேஆரின் ஒரே உறுப்பினரும் கை தூக்கினார்கள். எதிர்த்தவர் ஒருவருமில்லை. நிக் அஜீஸ் அதற்கு ஒரு மாதம் முன்பு காலமாகியிருந்தார்.

அம்னோ ஏன் கை தூக்கியது? எதிர்த்தால் மலாய்க் கிராமத்தில் "ஹூடுட்டை எதிர்த்தவன்" என்ற பட்டம் நிற்கும். ஆதரித்தாலோ நஷ்டம் பூராவும் எதிர்த்தரப்புக்கு. பாஸ் அப்போது ஜசெக, பிகேஆர் கட்சிகளோடு மக்கள் கூட்டணியில் இருந்தது. ஜசெகவுக்கு வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் சீனர்களும் இந்தியர்களும். அவர்களால் இதை விழுங்க முடியாது. கணக்கு பலித்தது. ஜூன் மாதம் கூட்டணி உடைந்தது. பாஸுக்குள் இருந்த மிதவாதிகள் கட்சித் தேர்தலில் துடைத்தெறியப்பட்டு, வெளியேறி, செப்டம்பரில் அமானா கட்சியாக வந்தார்கள்.

அடுத்த மே மாதம்தான் அசலினா கதவைத் திறந்தது. பிரதமர் நஜிப் ரசாக் அப்போது 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் விவகாரத்தில் கழுத்தளவு மூழ்கியிருந்தார். ஜூன் 18இல் சுங்கை பெசார், கோலா கங்சார் என்று இரண்டு இடைத்தேர்தல்கள் வேறு. பாஸைத் தனியே நிறுத்தி எதிர்ப்பு வாக்கைப் பிளந்தால் ஜெயம். இரண்டிலும் தேசிய முன்னணி ஜெயித்தது. மசோதா அதற்கான கூலி. ஆனால் கூலியை முழுசாகக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் மசீச, மஇகா மட்டுமல்ல, சபா, சரவாக் கட்சிகளும் கழன்றுகொள்ளும். ஆகவே 2017 மார்ச் இறுதியில், இதை அரசு மசோதாவாக எடுக்கப்போவதில்லை என்று நஜிப் அறிவித்தார். ஏப்ரல் 6, மறுபடி கூட்டத்தொடரின் கடைசி நாள். ஹாடி மறுபடி தீர்மானத்தை வாசித்தார், சபாநாயகர் பண்டிகார் அமீன் விவாதத்தை மறுபடி தள்ளிவைத்தார். 2018 மே மாதம் நஜிப் அரசே கவிழ்ந்தது. பாஸ் 18 நாடாளுமன்ற இடங்களோடும் இரண்டு மாநிலங்களோடும் எழுந்து நின்றது.

இதில் ஹாடி ஏமாந்தார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020 மார்ச்சில், நஜிப்புக்குப் பின் வந்த ஆட்சியும் கவிழ்ந்த பிறகு, பாஸ் கூட்டரசு அமைச்சரவையில் நுழைந்தது. கட்சியின் பொதுச்செயலாளர் தக்கியுடின் ஹசான்தான் சட்ட அமைச்சர். அடுத்த ஆண்டு சமய விவகாரங்களும் பாஸின் இட்ரிஸ் அகமதுவிடம் வந்தது. 2022 நவம்பர் தேர்தல் வரை ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடம். 355 திருத்தம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. "தயாராகிறது", "வரைவு நடக்கிறது" என்ற பேச்சு மட்டும் ஓய்வில்லாமல் வந்தது. நிறைவேறிவிட்டால் அடுத்த தேர்தலுக்கு எதைச் சொல்லி வாக்கு கேட்பது என்று குறும்பாகக் கேட்கத் தோன்றுகிறது. 2022 தேர்தலில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களோடு நாடாளுமன்றத்திலேயே மிகப்பெரிய தனிக்கட்சி ஆனது பாஸ்.

காணாமல் போன ஒரு பிரிவு

121(1A) யார் தலையில் விடிந்தது என்று சொல்வதாகச் சொன்னேன். ஷரியா முஸ்லிம்களுக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு இதில் என்ன என்று பாஸ் தலைவர்கள் எப்போதும் கேட்பார்கள். ஈப்போவைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருவரிடம் இதற்குப் பதில் இருக்கிறது. மழலையர் பள்ளி ஆசிரியை. 2009இல் அவர் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிச் சான்றிதழ் வாங்கினார். பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போனார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தகப்பனிடம் கொடுத்தது. தாய் முஸ்லிம் அல்லாதவர், அந்த நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் 121(1A) குறுக்கே நின்றது.

2009 ஏப்ரலிலேயே அமைச்சரவை, திருமணத்தின்போது பெற்றோர் இருந்த மதத்திலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்று முடிவெடுத்தது. முடிவு சட்டமாக வரவேண்டுமே! 2016 நவம்பரில் திருமண, மணவிலக்குச் சட்டத் திருத்த மசோதா வந்தது; அதில் 88A என்ற பிரிவு இதையே சொன்னது. 355 கூச்சல் உச்சத்தில் இருந்த நேரம். பாஸும் மற்ற மலாய் அமைப்புகளும் எதிர்த்தன. 2017 ஆகஸ்டில் மசோதாவைத் திரும்பப் பெற்று, புதிதாகத் தாக்கல் செய்தார்கள். புதிய பிரதியில் 88A இல்லை. ஆகஸ்ட் 10 அன்று மக்களவையில் நிறைவேறியது.

பாஸுக்கு அப்போது நாடாளுமன்றத்தில் அமைச்சரும் கிடையாது, தடுக்கிற அளவு எண்ணிக்கையும் கிடையாது. அம்னோவுக்கு அடுத்த தேர்தல் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. ஹாடியின் மசோதா நிறைவேறவில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள், அதே கோடையில் இன்னொரு மசோதாவிலிருந்து ஒரு பிரிவு உருவப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றின் முக்கியமான பக்கம் அதுதான்.

அரசு சொன்ன காரணம் அரசியலமைப்பின் 12(4). பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை "பேரன்ட்" அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது ஆங்கில வாசகம். ஒருமை. ஆகவே ஒருவர் சம்மதம் போதும் என்பது வாதம். தமிழில் "பெற்றோர்" என்றாலே இருவர். ஒருவரைச் சொல்ல நமக்கு அந்தச் சொல் உதவவே உதவாது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆசிரியையின் வழக்கில் இருவர் சம்மதமும் வேண்டும் என்றது, மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது என்றது. நாடாளுமன்றம் கைவிட்டதை நீதிமன்றம் கொடுத்தது. கடைசிப் பெண்ணைத் தாயிடம் சேர்க்க அந்தத் தீர்ப்பாலும் முடியவில்லை.

கறுப்பு வெள்ளி

நீதிமன்றத்தின் திருப்பம் அதோடு நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாது என்றார்கள். இயற்கைக்கு மாறான உறவு பற்றிய பிரிவு அது. தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் குற்றத்தை மாநிலம் மறுபடி இயற்ற முடியாது என்பதே காரணம். அந்தப் பழைய வால்தான். அந்தச் சட்டமும் 1995இல் அம்னோ ஆட்சி இயற்றியது.

அடுத்து கிளாந்தான். கிளாந்தானில் பிறந்த வழக்கறிஞர் நிக் எலினும் அவர் மகளும் 2022இல் மனுப் போட்டார்கள். மாநிலத்தின் 2019ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 18 பிரிவுகளை மாநிலம் இயற்றியிருக்கவே முடியாது என்று. 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, புத்ராஜெயா நீதி மாளிகைக்கு வெளியே ஆயிரம் பேரளவில் கூடித் தொழுதுகொண்டிருக்க, உள்ளே எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 16 பிரிவுகள் விழுந்தன. மாறுபட்ட ஒரு நீதிபதி, மனுதாரர்களுக்கு வழக்குப் போடும் தகுதியே இல்லை என்றார். விழுந்த பிரிவுகளில் சூதாட்டம், பாலியல் தொந்தரவு, தகாத உறவு எல்லாம் உண்டு. எடையிலும் அளவிலும் குறைப்பது பற்றிய 39ஆம் பிரிவும் உண்டு. சந்தையில் படிக்கல்லைக் குறைத்து வைப்பவனை எந்த நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது என்பதற்கு ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது.

அன்றைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட், இது இஸ்லாத்தின் நிலையையோ ஷரியா நீதிமன்றங்களையோ பற்றிய வழக்கல்ல, மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரம் பற்றியது மட்டுமே என்று தெளிவாகச் சொன்னார். ஷரியாவுக்கு இது கறுப்பு வெள்ளி என்றார் தக்கியுடின். அன்வார் இப்போது பிரதமர். மாநிலங்களின் இஸ்லாமியச் சட்ட அதிகாரத்தை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி ஸாக்கி அஸ்மி தலைமையில் தீர்ப்புக்கு முன்பே ஒரு குழு போட்டிருந்தார்கள். நாற்பது வருடம் முன்பு மகாதீருக்கு இருந்த அதே நெருக்கடி இன்று அன்வாருக்கு.

அந்த ஆண்டு டிசம்பர் 27, இன்னொரு வெள்ளிக்கிழமை. கோலா திரெங்கானுவின் அல் முக்தபி பில்லா ஷா பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும், 42 வயதுத் தச்சர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மனைவியோ நெருங்கிய உறவோ அல்லாத பெண்ணோடு தனித்திருந்தார் என்ற கல்வத் குற்றத்தில் மூன்றாவது முறை தண்டனை. சிறைக்கு வெளியே, பள்ளிவாசலில், ஆட்கள் பார்த்திருக்கப் பிரம்படி. மாநிலத்தில் இப்படி நடப்பது அதுவே முதல் தடவை. மாநிலத்தை ஆள்வது பாஸ். அடிகளை எண்ணினார்கள்: ஆறு. 1984இல் மகாதீரின் நாடாளுமன்றம் அனுமதித்த ஆறு.